மருந்து கேட்கும் வரை

சென்ற வாரம் எங்கள் துறைக் கருத்தரங்கில் என் ஆய்வைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். பேசி முடித்ததும் முதுகலை மாணவி ஒருவர் எழுந்து, "அக்கா, மனச்சோர்வு மருந்தை மூக்கு வழியாகக் கொடுத்தால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, அப்படித்தானே?" என்று கேட்டார். "கொள்கையளவில் வாய்ப்பு உண்டு" என்று சொல்லி அமர்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். அன்று மாலை ஸ்ரீவராகம் குளக்கரையில் நடந்து அறைக்குத் திரும்பும்போதே அந்தப் பதில் உறுத்தத் தொடங்கிவிட்டது. அதில் பாதி உண்மைகூட இல்லை. மேடையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுமையும் நேரமும் உள்ளோர் படிக்கலாம்.

முதலில் சொந்தக் கதை. அதை மறைத்துவிட்டு இந்த ஆய்வைப் பற்றி நான் நேர்மையாகப் பேச இயலாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானார். நாகர்கோவில் வீட்டில் அம்மா தனித்தார். துக்கம் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். துக்கம் போன பிறகு வந்தது எதுவென்று எங்களில் எவருக்கும் முதலில் புரியவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வார். உண்பார், என்ன உண்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசல் தெளிப்பது நின்றது. எட்டாவது மாதத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எழுதிக்கொடுத்து, "பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்" என்றார். முதல் வாரம் முழுதும் அம்மாவுக்குக் குமட்டல். பதினெட்டாம் நாள் தொலைபேசியில், "மக்ளே, இது எனக்குக் கேக்கல. நிறுத்திட்டேன்" என்றார்.

மருந்து வேலை செய்வதைத் தமிழில் 'கேட்கிறது' என்கிறோம். காய்ச்சலுக்கு இந்த மாத்திரை கேட்கும், இருமலுக்கு அந்தக் கஷாயம் கேட்கும். உடல் ஒரு பிடிவாதக் குழந்தை போலவும், மருந்து அதனிடம் போய்ச் சொல்வது போலவும், உடல் செவிசாய்ப்பது போலவும் அந்தச் சொல் ஒலிக்கிறது. அம்மாவின் உடலுக்கு அந்த மருந்தின் சொல் சென்று சேரவே இல்லை என்று அன்று நினைத்தேன். மருந்தாக்கவியல் படித்தவளின் புத்தி வேறு எப்படிப் போகும்? சேரவில்லை என்றால் சேர்க்கும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். குடல் வழியாகச் சேராதது மூக்கு வழியாகச் சேரும். முனைவர் பட்டத் தலைப்பு அன்றிரவே உறுதியாகிவிட்டது.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015–16) மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறுவதில்லை என்று கூறுகிறது. கேரளமும் தமிழ்நாடும் அக்கணக்கெடுப்பில் அடங்கிய மாநிலங்கள். அம்மா பதினெட்டு நாள் மட்டும் எஞ்சிய பதினைந்து விழுக்காட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

எஸ்சிட்டலோபிராமை மூக்குச் சொட்டாக மாற்றும் திட்டத்தோடு நெறியாளரிடம் போனேன். பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "வாய்வழி கொடுத்தால் இதில் எவ்வளவு ரத்தத்தைச் சேர்கிறது?" என்றார். "சுமார் 80 விழுக்காடு." "மூளைக்குள் போகிறதா?" "போகிறது." "பிறகு மூக்கில் உனக்கு என்ன வேலை?"

அந்தக் கேள்வியின் முழுப் பொருள் எனக்கு விளங்க ஓராண்டு ஆயிற்று. மாணவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. ரத்தத்தில் வரும் பொருள்களில் பெரும்பாலானவை அந்தச் சுவரைக் கடப்பதில்லை. இதுவே குருதி–மூளைத் தடுப்பு. புரதங்களும் நீரில் கரையும் பெரிய மூலக்கூறுகளும் அங்கே தடுக்கப்படுவது உண்மை. ஆனால் இன்று புழக்கத்தில் இருக்கும் மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள். அந்தத் தடுப்பைக் கடக்கின்றன என்பதால்தான் அவை மருந்தாகவே ஆயின. முதல் மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் செரட்டோனினை மீள உறிஞ்சும் வாயில்களில் பெரும் பகுதியை அது அடைத்துவிடுவதைப் பாசிட்ரான் படங்கள் காட்டுகின்றன. அம்மாவின் மூளைக்கும் மருந்து முதல் நாளே போயிருக்கும். சொல் சேர்ந்துவிட்டது, கேட்கத்தான் நாளாகிறது.

ஏன் நாளாகிறது? வாயில்கள் அடைபட்டதும் மூளைத்தண்டில் உள்ள ரேஃபே உட்கருக்களைச் சுற்றிச் செரட்டோனின் பெருகுகிறது. அங்குள்ள நரம்புச் செல்களின் மேற்பரப்பிலேயே கண்காணிகளாக இருக்கும் ஏற்பிகள் அந்தப் பெருக்கத்தை உணர்ந்து, "போதும்" என்று செல்லின் துடிப்பைக் குறைத்துவிடுகின்றன. அந்தக் கண்காணிகள் சலித்து மந்தமாக வாரங்கள் பிடிக்கின்றன. அதற்குப் பின்னும் நரம்பு வளர்ச்சிக் காரணிகள் கூட வேண்டும், இணைப்புகள் புதுப்பிக்கப்பட வேண்டும். இது ஒரு விளக்கம். முழு விளக்கம் என்று இத்துறையில் எவரும் உரிமை கொண்டாடுவதில்லை. எப்படியாயினும் இந்தத் தாமதம் மூளைக்கு உள்ளே நிகழ்வது. வாயிலிருந்து மூளை வரையிலான பாதையில் அந்த நான்கு வாரத்தின் ஒரு நாள்கூட இல்லை. பாதையைக் குறுக்கினால் மணிகள் மிச்சமாகலாம், வாரங்கள் மிச்சமாகா.

இந்த இடத்தில் நான் ஆய்வையே கைவிட்டிருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நானும் சில நாள் நினைத்தேன். ஆனால் எல்லா மருந்தும் எஸ்சிட்டலோபிராம் அல்ல.

அகோமெலட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 2009இல் ஒப்புதல் பெற்றது. மெலட்டோனின் ஏற்பிகளைத் தூண்டி, ஒருவகைச் செரட்டோனின் ஏற்பியைத் தடுப்பது. இரவில் 25 மி.கி. கொடுப்பார்கள். குடல் இதை நன்றாகவே உறிஞ்சுகிறது. ஆனால் குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இம்மருந்து பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. எஞ்சிப் பொது ரத்த ஓட்டத்தைச் சேர்வது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது 25 மி.கி. விழுங்கினால் பயனுக்கு வருவது ஒன்றேகால் மில்லிகிராம்கூட இல்லை. மீதி முழுவதையும் கல்லீரல் சுமக்கிறது. இம்மருந்து எடுப்போருக்கு அவ்வப்போது கல்லீரல் பரிசோதனை கட்டாயம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூக்குக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. ஒரு நாசித் துளைக்குள் 0.1 மி.லி. அளவே தெளிக்க முடியும்; அதற்கு மேல் தொண்டைக்கு வழியும், இல்லையேல் மூக்கிலிருந்து ஒழுகும். அந்தத் துளியில் 25 மில்லிகிராமைக் கரைக்க வழியில்லை. ஒன்றிரண்டு மில்லிகிராமைக் கரைக்கலாம். என் முனைவர் பட்டம் முழுதும் இந்தச் சிறு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

மூக்கை ஒரு வாசலாக எண்ணுவதற்கு நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தாத்தாவின் இடுப்பு மடிப்பில் எப்போதும் ஒரு பொடிமட்டை இருக்கும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை. இழுத்த சில நொடியில் கண் பளிச்சிடும். பட்டணம் பொடியில் இருந்த நிக்கோட்டின் கல்லீரலைக் கேட்காமல் நேரே ரத்தத்துக்குப் போனது என்பது அவருக்குத் தெரியாது. வெற்றிலைக்கும் பொடிக்கும் வேகத்தில் என்ன வேறுபாடு என்பது நன்றாகத் தெரியும். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாமி, ஒற்றைத் தலைவலிக்கு ஆயுர்வேத வைத்தியர் சொன்னபடி அணுதைலம் விட்டுக்கொள்பவர். மல்லாந்து படுத்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தி, வெதுவெதுப்பான எண்ணெயைச் சொட்டாக விடச் சொல்லுவார். இன்றைய மருந்தாக்க ஆய்வுகளும் மூக்கின் மேற்கூரையைத் துளி எட்டுவதற்குத் தலையின் சாய்வு முக்கியம் என்கின்றன. இதைச் சொன்னவுடன் "எல்லாம் முன்னோர் அறிந்ததே" என்று பின்னூட்டம் இட வேண்டாம். சாய்வு ஒன்றாக இருப்பதனால் பலனும் ஒன்றாகிவிடாது.

ஸ்ரீவராகத்தில் இருந்துகொண்டு மூக்கைப் பற்றி எழுதும்போது ஒரு புராணக் கதையைத் தவிர்க்க முடியவில்லை. பாகவதக் கதையில் வராகம் பிரம்மாவின் மூக்குத் துளையிலிருந்து கட்டைவிரல் அளவில் வெளிப்பட்டு, பார்த்திருக்கும்போதே யானையாக, மலையாக வளர்கிறது. எங்கள் துறையின் கனவும் ஏறத்தாழ அதுவே, திசை மட்டும் மாறுகிறது: மூக்கின் உள்ளே செலுத்திய சிறு துளி தலைக்குள் மலையாக வேண்டும்.

அந்தக் கனவுக்கு உடற்கூறில் ஓர் அடிப்படை உண்டு. நாசிக்குழியின் உச்சியில் முகர்வுப் பரப்பு இருக்கிறது. அங்குள்ள நரம்புச் செல்களின் ஒரு முனை வெளிக்காற்றைத் தொடுகிறது. மறுமுனை சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே ஏறி மூளையின் முகர்வுக் குமிழில் முடிகிறது. நரம்பு மண்டலம் வெளியுலகை இவ்வளவு நேரடியாகத் தொடும் இடம் உடலில் வேறில்லை. அந்த நரம்புகளை ஒட்டிய இடைவெளிகளிலும், முகத்தின் முக்கிளை நரம்பை ஒட்டியும் மருந்து மேலேற இயலும். தில்லி ஜாமியா ஹம்தர்து பல்கலைக்கழகத்தார் வென்லாஃபாக்சினைக் கைட்டோசான் நானோ துகள்களில் ஏற்றியும் (2012), பாராக்செட்டினை நானோ பால்மமாக்கியும் (2016) எலிகளின் மூக்கில் செலுத்திக் காட்டிய ஆய்வுகளைப் படித்துத்தான் என்னைப் போன்ற பலர் இந்தத் துறைக்குள் வந்தோம்.

அடிப்படை உண்டு என்பதனால் அது எளிது என்று ஆகிவிடாது. மூக்கு ஒரு வாசல் என்றால் அது கடுமையான காவல் உள்ள வாசல். சளிப்படலமும் அதன் மேல் அசையும் குற்றிழைகளும் சேர்ந்து, உள்ளே விழும் எதையும் பதினைந்து இருபது நிமிடத்தில் பாதிக்குமேல் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். அதனால்தான் அறை வெப்பத்தில் நீராகவும், மூக்கின் வெப்பத்தில் ஜெல்லாகவும் மாறும் போலாக்சமர் 407 எங்கள் ஆய்வகங்களில் குடம் குடமாகச் செலவாகிறது.

ஜெல் செய்தாயிற்று, அது சவ்வைக் கடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆட்டின் நாசிச் சவ்வைப் பயன்படுத்துவது இந்திய மருந்தாக்க ஆய்வகங்களின் வழக்கம். சொல்வதற்கு ஒரு வரி; செய்வதற்கு நான் பட்ட பாடு பெரிது. மணக்காடு பக்கம் ஓர் இறைச்சிக் கடையில் காலை ஆறு மணிக்கு ஆட்டுத் தலை வாங்க வேண்டும். வெட்டிய சில மணி நேரத்துக்குள் சவ்வைப் பிரித்தெடுத்துத் தாங்கல் கரைசலில் இட்டு ஃபிரான்ஸ் கலத்தில் பொருத்த வேண்டும்; இல்லையேல் திசு செத்துவிடும். கடைக்காரர் முதல் மாதம் நான் தலைக்கறி சமைக்கிறேன் என்று எண்ணி எலும்பை உடைத்தே கொடுத்தார். உடைந்தால் சவ்வு கிழிந்துவிடும். உடைக்காமல் வேண்டும் என்று கேட்டபோது சந்தேகத்தோடு பார்த்தார். காரணத்தைச் சொன்னேன். அதன் பிறகு முழுத் தலையாகவே எடுத்து வைப்பார். சில நாள் காசு வாங்கமாட்டார். அவர் வீட்டில் யாருக்கு என்ன என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் பேருந்து தவறிவிட்டது. குளிர்ப்பெட்டியை அரை மணி நேரம் அறையில் வைக்கலாமென்று வந்தேன். மாமி திண்ணையில் இருந்தார்.

"பெட்டிக்குள்ளே என்னடி?"

"ஆராய்ச்சி, மாமி."

"ஆராய்ச்சியெல்லாம் அங்கேயே வெச்சுக்கோ. ஆத்துக்குள்ளே கொண்டு வரப்படாது, கேட்டியா?"

பெட்டியோடு குளக்கரையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டுச் சவ்வுக்குப் பின் எலி. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, எலிகளின் ஒரு குழுவுக்கு வாய்வழியாகவும் மற்றொன்றுக்கு மூக்குவழியாகவும் மருந்து கொடுத்து, குறித்த நேரங்களில் ரத்தத்திலும் மூளையிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தோம். மூக்குவழி மூளைக்குச் சென்ற அளவு தெளிவாகக் கூடியிருந்தது. வரைபடம் அழகாக வந்தது. கருத்தரங்கில் கைதட்டல் வாங்கித் தந்தது அந்த வரைபடமே. அதைக் காட்டியபோது நான் சொல்லாமல் விட்டவை சில உண்டு.

எலியின் நாசிக்குழியில் ஏறக்குறையப் பாதி முகர்வுப் பரப்பு. மோப்பத்தால் வாழும் பிராணி அது. மனிதனுக்கு அந்தப் பரப்பு சில விழுக்காடு மட்டுமே; அதுவும் எட்டாத உச்சியில், குறுகிய பிளவுக்குள். எலியை மயக்கி மல்லாத்திச் சொட்டு விடுகிறோம். மனிதர்கள் நின்றபடி தெளித்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். எலியில் கிடைத்த பெருக்கத்தை மனிதனுக்கு அப்படியே மாற்றிச் சொல்வது, குளத்தில் நீந்தியவன் கடலைக் கடந்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும். டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2021இல் ஒரு பெப்டைடை எலிகளின் மூக்கில் செலுத்தி மனச்சோர்வு எதிர்ப்பு விளைவைக் காட்டியபோது, இக்காரணத்தாலேயே முகர்வுப் பரப்பை விட்டுவிட்டு, மனிதனிடம் பரந்துள்ள சுவாசப் பரப்பையும் முக்கிளை நரம்பையும் குறிவைத்தார்கள். எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அந்தத் தெரிவுதான்.

அடுத்தது, மூளைக்குப் போன மருந்து எலியின் 'மனச்சோர்வை' மாற்றியதா என்ற கேள்வி. இதற்கு நாங்கள் அனைவரும் செய்யும் சோதனை 1977இல் போர்சோல்ட் வகுத்தது. உயரமான கண்ணாடி உருளையில் நீர் நிரப்பி எலியை விடுவது. வெளியேற வழியில்லை என்று அறிந்ததும் அது நீந்துவதை நிறுத்தி, மூக்கு மட்டும் நீருக்கு மேலிருக்க மிதக்கும். மருந்து கொடுத்தால் அதிக நேரம் நீந்தும். மிதப்பதை 'நம்பிக்கை இழப்பு' என்று பெயரிட்டுவிட்டோம். மாலையில் இந்தக் குளத்தில் நீந்தும் பையன்களைப் பார்த்தபடி பலமுறை யோசித்திருக்கிறேன்: களைத்தவுடன் மல்லாந்து மிதப்பவன் நம்பிக்கை இழந்தவனா, நீச்சல் தெரிந்தவனா? இந்த ஐயம் எனக்கு மட்டும் உரியதன்று. எலி ஆற்றலைச் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது என்று வாதிடுவோர் பலர். எனக்குப் பெரிய இடர் வேறு. மனிதர்களிடம் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் மருந்துகள் இந்தச் சோதனையில் ஒரே நாளில் 'கேட்டுவிடுகின்றன'. ஆதலால் மூக்குவழி மருந்து விரைந்து செயல்பட்டதா என்று இச்சோதனையிடம் கேட்பதில் பொருளே இல்லை. எல்லாமே விரைந்து செயல்பட்டதாகத்தான் அது சொல்லும்.

தாமதத்தை மதிக்கும் சோதனை ஒன்று உண்டு. எலியின் முகர்வுக் குமிழ்களை அறுவைசெய்து நீக்கிவிட்டால் அதன் நடத்தை குலைகிறது; புதிய வெளியில் விட்டால் நிலைகொள்ளாமல் அலையும். மனச்சோர்வு மருந்தை ஒருமுறை கொடுத்தால் மாறாது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் கொடுத்தால் மாறும். மனிதரின் காத்திருப்பை ஓரளவு ஒத்திருப்பது இதுவே. ஆய்வேட்டில் இதைச் சேர்த்துவிடலாம் என்று உற்சாகமாகத் திட்டம் எழுதினேன். எழுதி முடிக்கும்போதுதான் உறைத்தது: எந்தப் பாதையில் மருந்தை அனுப்புகிறேனோ அந்தப் பாதையின் முடிவிடத்தையே இந்தச் சோதனை வெட்டி எறிந்துவிடுகிறது. சிரித்துவிட்டேன். நெறியாளர் சிரிக்கவில்லை.

இனி, கேள்வி கேட்ட மாணவியின் மனத்தில் இருந்திருக்கக்கூடிய எஸ்கெட்டமின். மூக்குவழி மனச்சோர்வு மருந்து என்றால் உலகம் முழுதும் நினைவுக்கு வருவது 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த ஸ்பிராவாட்டோ தெளிப்பான். அது உண்மையிலேயே விரைவானது. வாரங்களை மணிகளாகவும் நாள்களாகவும் குறைக்கிறது. அதைச் சான்றாகக் காட்டி "பார், மூக்கின் வல்லமை" என்பவர்கள் ஒரு செய்தியைத் தவறவிடுகிறார்கள். தாய் மருந்தான கெட்டமினைக் கால்வின் ஸ்டீவன்ஸ் 1962இல் உருவாக்கினார். 1970இல் மயக்க மருந்தாக ஒப்புதல் பெற்றது. நம் ஊர் அறுவைக் கூடங்களிலும் நெடுங்காலமாக இருக்கிறது. மனச்சோர்வு உள்ள சிலருக்கு யேல் பல்கலைக்கழகத்தார் அதைக் கொடுத்து மூன்றே நாளில் மாற்றம் கண்டு 2000இல் வெளியிட்டார்கள். அவர்கள் கொடுத்தது மூக்கில் அல்ல, ரத்தநாளத்தில். வேகம் மருந்துக்கு உரியது. அது குளூட்டமேட் வழியில் வேறொரு கதவைத் தட்டுகிறது; அந்தக் கதவு உடனே திறக்கிறது. வாயால் விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பதாலும், ஒவ்வொரு முறையும் ஊசி ஏற்றுவது கடினம் என்பதாலும் மூக்கைத் தேர்ந்தார்கள். தெளித்த மருந்தில் சுமார் பாதி நாசிச் சவ்வின் வழியே ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து எல்லா மருந்தும் போகும் வழியில்தான் மூளைக்குப் போகிறது. முகர்வு நரம்பின் மாயம் அதற்குத் தேவைப்படவில்லை.

அந்த மருந்தையும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. மருத்துவ மையத்தில் தெளித்துக்கொண்டு குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறும், தன்னிலிருந்து தான் விலகியது போன்ற உணர்வு வரும், மறுநாள் வரை வாகனம் ஓட்டக்கூடாது. பிரிட்டனின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பான நைஸ் 2022இல் அதைப் பொது மருத்துவச் சேவைக்குப் பரிந்துரைக்க மறுத்தது. வேறு மருந்துகள் கைவிட்டவர்களுக்கு அது பெரிய வரம் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அம்மாவைப் போல் முதல் மாத்திரையில் சலித்தவர்களுக்கு அது விடையன்று.

அப்படியானால் என் ஜெல் யாருக்கு? இப்போது நான் நம்புவதைச் சொல்கிறேன். பதினெட்டாம் நாளில் நிறுத்தப்பட்ட மருந்தின் பலன் பூஜ்யம். அம்மா நிறுத்தியதற்குக் காத்திருப்பு பாதிக் காரணம். முதல் வாரக் குமட்டல் மறுபாதி. உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. மாத்திரை முதலில் கலக்குவது குடலைத்தான். குறைந்த அளவு மருந்து, குடலுக்கும் கல்லீரலுக்கும் குறைந்த சுமை, அதனால் நிறுத்துவதற்கு ஒரு காரணம் குறைவு: மூக்குவழியால் இதைச் சாதிக்க முடியுமானால் அதுவே போதும். இதற்கும் மறுபக்கம் உண்டு. மாதக்கணக்கில் நாள்தோறும் மூக்கில் எரிச்சல், சளி பிடித்தால் அடைப்பு, துளி தொண்டைக்கு இறங்கும்போது கசப்பு. நிறுத்துவதற்குப் புதுக் காரணங்களை நானே தயாரித்துக் கொடுப்பவளாகவும் ஆகலாம். குற்றிழைகளின் மேல் என் ஜெல் நீண்ட நாளில் என்ன செய்கிறது என்பதைத்தான் அடுத்த ஆறு மாதம் பார்க்கப்போகிறேன். அந்தப் படங்களுக்கு யாரும் கைதட்டமாட்டார்கள்.

கருத்தரங்குச் சுருக்கத்தில் 'விரைந்து செயல்படும்' என்று ஒரு தொடர் இருந்தது. நான் எழுதியதுதான். நேற்று நெறியாளரிடம் அதை நீக்கிவிடலாம் என்றேன். "நீக்கினால் இதழ்கள் திரும்பிப் பார்க்குமா?" என்றார், சற்று நேரம் கழித்து, "நீக்கிவிடு" என்றார். முழுக் கட்டுரையை அவரே ஒருமுறை படித்து, 'மேம்பட்ட செயல்திறன்' என்ற தொடரையும் அடித்துவிட்டு 'எலிகளின் மூளையில் கூடுதல் செறிவு' என்று எழுதித் தந்தார்.

அம்மா கடந்த ஆண்டின் இறுதியில் மீண்டும் மருத்துவரிடம் சென்றார். அதே பழைய மருந்து, அதே வாய்வழி. இம்முறை 5 மில்லிகிராமில் தொடங்கி, உணவுக்குப் பின், மெல்ல ஏற்றினார்கள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "மாற்றம் வந்தால் அவருக்கு முன் உங்களுக்குத்தான் தெரியும். அவரிடம் எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்காதீர்கள்" என்றார். ஆகையால் கேட்கவில்லை. இரவுதோறும் தொலைபேசியில் அழைத்து வேறு ஏதாவது பேசினேன். ஆட்டுத் தலைக்காரர், மாமி, பேருந்து. அம்மா தினசரி நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாள்களைப் பேனாவால் சுழித்து வந்தார். பத்தொன்பதாம் நாள் எனக்கு உறக்கமில்லை. அவர் அன்றும் சுழித்திருந்தார்.

முப்பத்தோராம் நாள் இரவு அழைத்தபோது எடுத்தவுடனேயே கோபம். மீன்காரி மீன் தந்துவிட்டுப் போயிருக்கிறாள், கழுவும்போதே கெட்ட வாடை, சட்டியோடு கொட்டிவிட்டாராம். நாளை வரட்டும், தெருவில் நிறுத்திக் கேட்கிறேன் என்றார். எட்டு மாதம் உப்பில்லாக் கஞ்சியை உப்பில்லை என்று அறியாமல் குடித்தவர்.

ஒரே ஒரு நோயாளி, ஒப்பீட்டுக் குழு இல்லை, அளப்பவர் சொந்த மகள். எந்த இதழும் ஏற்காது. "என்ன மீன், எம்மா?" என்று கேட்டேன். "சாளை" என்று தொடங்கி, விலையிலிருந்து வாடை வரை இருபது நிமிடம் சொன்னார்.